தேன்பெட்டி ஏறும் முதுகு: சுமைச் சட்டகங்கள் ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டுச் சாய்ப்பில், தேன்பெட்டிகளைக் கட்டி முதுகில் மாட்டிக்கொள்ளும் சுமைச் சட்டகங்கள் இரண்டு தொங்குகின்றன. ஒன்று என்னுடையது, மற்றொன்று என் மச்சானுடையது. அவருடையதை நான் மாட்டிக்கொண்டு ஒரு பர்லாங்கு நடந்தால் தோள்கள் இரண்டும் மரத்துப்போகின்றன. என்னுடையதை அவர் மாட்டினால் இடுப்பின் நடுவே ஒரே இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது என்கிறார். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே எடை, செய்யும் வேலையும் ஒன்றே. மாறுபடுவது முதுகின் அமைப்பு மட்டுந்தான்.

மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஜனவரியில் தொடங்கும் அலைச்சலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் அந்தப் பருவத்தில், பூவிலிருந்து அல்லாமல் இளந்தளிர்க் காம்பிலிருந்தே தேன்பால் சுரப்பதால், பெட்டிகளை இரவோடிரவாகத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடையாலுமூட்டுக்கு அப்பால் மினி லாரி மண்சாலையின் முடிவில் நின்றுவிடும். அதற்குமேல் சரிவில் வெட்டிய தட்டுகள்தான். பெட்டியைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமப்பதே வழக்கம்; ஆனால் பனியில் நனைந்த சருகின்மேல், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பெட்டியைப் பிடித்தபடியும் ஏறுகிறவர் வழுக்கினால் ஊன்றுவதற்குக் கை இல்லை. அதனால்தான் முதுகுச் சட்டகத்தைத் தேடத் தொடங்கினோம்.

மலையேறுபவர்களின் சாதாரணப் பை இதற்கு உதவாது. கூர்முனையுள்ள மரப்பெட்டியை அதற்குள் திணித்தால் விளிம்பு முதுகெலும்பில் இடிக்கும். எங்களுக்குப் பொருந்தி வந்தது, வேட்டைக்காரர்களுக்கென்று செய்யப்படும் சட்டகம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் தருவதில்லை. ஆனால் அமெரிக்க மலைகளில் எல்க்கு மானை வேட்டையாடுபவர் அதன் இறைச்சியைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்துதான் இறங்க வேண்டும். ஒரு பின்தொடை மட்டுமே 30 கிலோவைத் தாண்டக்கூடும். ஆகவே சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே, முதுகை ஒட்டியபடி பாரத்தை வைத்துக் கட்டுவதற்கு ஒரு தட்டு அமைத்திருப்பார்கள். அந்தத் தட்டில் இரண்டு தேன்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அளவெடுத்துச் செய்தாற்போல் உட்காருகின்றன.

எந்தச் சட்டகம் என்று பார்ப்பதற்கு முன்னால் முதுகை அளந்தாக வேண்டும். நான் செய்த முதல் பிழை இதைச் செய்யாததுதான். கடைக்காரர் என் உயரத்தைக் கேட்டார், பெரிய அளவு என்று எடுத்துத் தந்தார், நானும் வாங்கி வந்தேன். உயரத்துக்கும் முதுகு நீளத்துக்கும் நேரான தொடர்பு இல்லை. நெட்டையானவருக்குக் கால் நீண்டு முதுகு குறுகியிருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தி நிற்கிற எலும்பு ஒரு முனை. இடுப்பில் கைகளை ஊன்றிக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக அவை முதுகெலும்பைத் தொடும் இடம் மறுமுனை. இவ்விரண்டுக்கும் நடுவே, தையல் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டியே பிடித்து அளக்க வேண்டும். எனக்கு 51 செ.மீ., மச்சானுக்கு 44 செ.மீ. உயரத்தில் இருவருக்கும் இரண்டு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை.

நீளம் பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி வளைவு. குதிகாலும் பிட்டமும் தோளும் சுவரைத் தொடும்படி நின்று, இடுப்புக் குழிக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். உள்ளங்கை சிரமமின்றி நுழைந்தால் நடுத்தர வளைவு. என் குழியில் மடக்கிய முட்டியே நுழைகிறது. மச்சானுக்கு விரல் நுனிகள் மட்டும் போகின்றன. இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஒரு முழ நீளத்துக்குச் சற்று அதிகமான பழைய அலுமினிய சர்வீஸ் வயரை முதுகெலும்பின்மேல் ஒட்டி அழுத்தி, அது பிடித்துக்கொண்ட வளைவைக் கலையாமல் எடுத்துத் தினசரித்தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். எங்கள் இருவரின் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது, ஒன்று வில்லைப் போலவும் மற்றது அந்த வில்லின் நாணைப் போலவும் இருந்தன. அந்தத் தாள் கையில் இருந்தால் எந்தச் சட்டகத்தையும் அதனோடு வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் நாங்கள் முயன்றது மரச் சட்டகம். 1920களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற டிராப்பர் நெல்சன் என்னும் சுமைப் பலகையின் அமைப்பைப் பின்பற்றி, குலசேகரத்து ஆசாரி ஒருவர் அயனி மரத்தில் இரண்டு நெடுஞ்சட்டங்களும் மூன்று குறுக்குச் சட்டங்களுமாகச் செய்துகொடுத்தார். இதன் சூட்சுமம் மரத்தில் இல்லை. சட்டங்களைச் சுற்றி இழுத்துக் கட்டும் கித்தானில் இருக்கிறது. முதுகைத் தொடுவது கித்தான் மட்டுமே. மரம் இரண்டு விரல் தள்ளியே நிற்கும். பின்புறம் கயிற்றால் கோத்து இறுக்கும்போது, இடுப்புக் குழிக்கு நேரே விறைப்பாகவும், தோள் எலும்புக்கும் பிட்டத்துக்கும் நேரே சற்றுத் தளர்வாகவும் விட்டால், துருத்துகிற இடங்களுக்குக் கித்தான் விட்டுக்கொடுத்து, குழிந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. என் முதுகுக்கு ஒரு மாதிரியும் மச்சானின் முதுகுக்கு வேறு மாதிரியும் ஐந்தே நிமிடத்தில் கயிற்றை மாற்றிக் கட்டிவிடலாம் என்பதால், வளைவின் பொருத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் நான் இதற்கே முதலிடம் தருவேன். குறைகளும் உண்டு. வெறுஞ்சட்டகமே மூன்றரைக் கிலோ. மூல அமைப்பில் இடுப்புப் பட்டை இல்லாததால் பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறது. பிறகு நாங்கள் தைத்துச் சேர்த்த பட்டையும் மரத்தோடு ஒட்டி நில்லாமல் நழுவியது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் கித்தான் நனைந்தால் உலர்வதற்கு நாளாகும். நனைந்த கயிறு இறுக்கம் மாறி, நேற்றுப் பொருந்திய முதுகுக்கு இன்று பொருந்தாமல் போகும்.

எங்களோடு தேன் எடுக்க வருகிற மூத்தவர் ஒருவர், நான் கயிற்றை அவிழ்த்தும் கட்டியும் நேரம் கழிப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார்: "தலைக்குத் தக்கனதான் மக்கா சும்மாடு சுத்தணும். நான் நாப்பது வருசமா அதத்தான செய்யுதேன்." அவருக்குச் சட்டகம் எதிலும் நம்பிக்கை கிடையாது; இன்றும் தலைச்சுமடுதான்.

இரண்டாவது, அமெரிக்கப் படையினர் 1970களிலிருந்து பயன்படுத்திய அலிஸ் என்னும் அலுமினியக் குழாய்ச் சட்டகம். குவைத்திலிருந்து திரும்பிய உறவினர் பழைய பொருளாக வாங்கி வந்தார். ஏறத்தாழ 50 செ.மீ. உயரம், ஆணியறைந்து இணைத்த குழாய்களும் பட்டைகளும், இடுப்பில் படிவதற்கு ஒரு மெத்தை. மேலே தோள் வார்கள் இணையும் இடம் ஓரிடத்திலேயே நிலையாக இருப்பதால் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. 44 செ.மீ. முதுகும் நேரான இடுப்பும் கொண்ட மச்சானுக்கு இது கைக்கடக்கமாக அமைந்துவிட்டது. பழைய மெத்தையை நீக்கிவிட்டு, அதே படையினரின் பிற்காலத்து மோலி வகைப் பையின் தடித்த இடுப்புப் பட்டையை இதில் பொருத்துவது பலரும் கையாளும் உத்தி. அவரும் அதைச் செய்த பிறகு 20 கிலோவை முனகாமல் ஏற்றிச் செல்கிறார். சட்டகம் முதுகிலிருந்து விலகி நிற்பதால் காற்றும் புகுகிறது. மார்ச் மாத வெக்கையில் இது சிறிய வசதி அன்று. என் முதுகிலோ இதே சட்டகத்தின் மேல்முனை தோளுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. இடுப்புப் பட்டையை உரிய இடத்தில் கட்டினால் தோள் வார்கள் கீழ்நோக்கி இழுக்கின்றன. தோளில் சரியாக அமைத்தால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடுகிறது.

இதற்கு மாற்றாக, மூன்றாவது வகையாக, உயரமான குழாய்ச் சட்டகங்கள் இருக்கின்றன. சீக் அவுட்சைட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் சட்டகம் 24 அங்குல உயரத்தில் வருகிறது. நீட்சிக் குழாய்களைச் செருகி 26 அல்லது 28 அங்குலமாக உயர்த்திக்கொள்ளலாம். இந்த உயரம் எதற்கென்றால், தோளுக்கு மேலிருந்து முன்னோக்கிச் சரிந்து வரும் சிறு இழுவார்கள் பாரத்தை முதுகோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அவை அமைய வேண்டுமானால் சட்டகத்தின் தலை தோளுக்கு மேலே நாலு விரலாவது எழும்பியிருக்க வேண்டும். என்னைப் போன்ற நீள முதுகுக்கு 26 அங்குலம் சரி. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் ஓர் இடைஞ்சல்: தாழ்ந்த கிளையிலும் கொடியிலும் உயரமான சட்டகத்தின் தலை சிக்கி இழுக்கும், கட்டிய பெட்டிக்குள் தேனீக்கள் இருக்கும்போது அந்த ஒரு குலுக்கல் யாருக்கும் நல்லதல்ல.

நான்காவது வகையே என் சாய்ப்பில் தொங்குவது. உறையைப் போன்ற பின்பலகைக்குள் செங்குத்தாக இரண்டு அலுமினியப் பட்டிகள் செருகப்பட்டிருக்கும். அவற்றை வெளியே உருவி, கையால் வளைத்து, மறுபடி செருகலாம். வாங்கி வந்த அன்று அதன் வளைவு மச்சானின் கோட்டைத்தான் ஒத்திருந்தது. தினசரித்தாளில் வரைந்த என் கோட்டின்மேல் பட்டியை வைத்து, எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, திண்ணை விளிம்பில் அழுத்திச் சிறிது சிறிதாக வளைத்தேன். இதில் அவசரம் ஆகாது. அலுமினியத்தை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வளைத்தால் அது இறுகிப்போய்க் கடைசியில் வெடிப்பு விடும்; ஆகவே தேவைக்குச் சற்றுக் குறைவாகவே வளைத்து, மாட்டிப் பார்த்து, மீண்டும் வளைப்பதே முறை. இரண்டு பட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கமாகத் திருகும். நான்கு முறை செய்தபின் இடுப்புக் குழி நிறைந்தது. அதன்பின் தோளின்மீது இருந்த கனம் இடுப்பெலும்புக்கு இறங்கியதை, தோள் வாருக்குள் இரண்டு விரல்களை எளிதாக விட முடிந்ததைக் கொண்டே அறிந்தேன். இதன் விலை குழாய்ச் சட்டகத்தைப்போல் பல மடங்கு என்பதையும், முதுகோடு ஒட்டியே கிடப்பதால் சட்டை தொப்பலாகிவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்றைய விலையுயர்ந்த சட்டகங்களில் கூயூ என்னும் நிறுவனத்தினுடையது கார்பன் ஃபைபரிலும், எக்ஸோ என்னும் நிறுவனத்தினுடையது டைட்டானியத்திலும் வருகின்றன. எடை குறைவு, உறுதி மிகுதி, ஐயமில்லை. கார்பன் ஃபைபரைத் திண்ணையில் வைத்து வளைக்க முடியாது. ஆலையில் கொடுத்த வளைவு நம் முதுகோடு ஒத்தால் பாக்கியம். இரண்டு பெட்டி தேனுக்கு அந்தப் பணம் எனக்குக் கட்டுபடியாகாது என்பதால் இதற்குமேல் சொல்வதற்கில்லை.

மிஸ்டரி ராஞ்சு நிறுவனத்தின் பைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே சட்டகத்தை இருவர் பகிர்ந்துகொள்ள நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அதில் தோள் வார்களைத் தாங்கும் பகுதி முழுவதுமே மேலும் கீழுமாக நகரும்; என் 51 செ.மீ. அளவிலிருந்து மச்சானின் 44 செ.மீ. அளவுக்கு ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஆனால் அது தீர்ப்பது நீளத்தை மட்டுமே. இடுப்பில் குழி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே உள்ள வேற்றுமையை நகரும் வாரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதுகு வளைவு ஒத்து நீளம் மட்டும் வேறுபடுகிற அண்ணன் தம்பிக்கு அதைப் பரிந்துரைப்பேன். எனக்கும் மச்சானுக்கும் மாட்டேன்.

எதை வாங்கினாலும் வெறும் சட்டகத்தைக் கடையில் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பாரமின்றி எல்லாச் சட்டகமும் பொருந்தும். நான் 15 கிலோ மணலைச் சாக்கில் கட்டி ஏற்றி, பொற்றையடியிலிருந்து மருந்துவாழ்மலையின் படிகளில் ஏறி இறங்கினேன். ஏறும்போது முன்சாய்வதால் குறைகள் மறைந்துவிடும், காட்டிக்கொடுப்பது இறக்கம். சட்டகம் நேராகவும் முதுகு குழிந்தும் இருந்தால், பிட்டத்திலும் தோள் எலும்பிலும் மட்டும் பட்டுக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் பட்டை அரை விரல் கீழே நழுவும். சட்டகம் வளைந்தும் முதுகு நேராகவும் இருந்தால் நழுவாது. பதிலாக, வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது முதுகெலும்பின் இருபுறமும் ரூபாய் நாணய அளவில் இரண்டு செம்மை தெரியும். மச்சானின் முதுகில் என் சட்டகம் விட்ட அடையாளம் அதுதான்.

சென்ற பருவத்தில் மரச் சட்டகத்தை மச்சானின் மகனுக்குக் கொடுத்தோம். அவனுக்கு வயது பதினேழு, முதுகு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான், பெட்டி ஒன்றுக்குமேல் ஏற்றுவதில்லை.