பேட்டரி போச்சுன்னா சர்வீஸ் சென்டரா, மனீஷ் மார்க்கெட்டா, பவர் பேங்க்கா?

காலையில் மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறும்போது 100 காட்டிய போன், சி.எஸ்.எம்.டி.யில் இறங்கும்போது 60க்கு வந்துவிட்டது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். லித்தியம் அயன் பேட்டரி எல்லாமே தேயும். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்றுக்கு அப்புறம் புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. தினம் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருஷம்கூட இல்லை.

பலரும் முதலில் வாங்குவது பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஆகும் இழப்பெல்லாம் போகக் கைக்கு வருவது 6,000 சொச்சம்தான். அதுவும் நெரிசலில் சட்டைப் பையில் இரண்டையும் சேர்த்து வைத்து சார்ஜ் போட்டால் சூடு ஏறும், சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி. பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் (விமானத்தில் கைப்பையில் மட்டும்தான்), ஆனால் இது மருந்து இல்லை.

மொபைல் கடைகள் நிறைந்த மனீஷ் மார்க்கெட் பக்கம் போனால் அரை மணி நேரத்தில், சர்வீஸ் சென்டரில் கேட்பதில் பாதிக்கும் கீழே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். திறமையான கைகள் அங்கே நிறைய இருக்கின்றன, அதை நான் மறுக்கவே மாட்டேன். சிக்கல் சரக்கில்தான். அம்மாவின் போனுக்கு ஒரு கடையில் 600 ரூபாய்க்குப் போட்டேன், நாலே மாதத்தில் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்தால்தான் பேட்டரி இப்படி உப்பும், அந்த நிலையில் அதை சார்ஜ் போடுவதும் அமுக்கிப் பார்ப்பதும் தீயோடு விளையாடுவது. அம்மா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அங்கேதான் போடப்போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். பேட்டரி மேல் பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஒரிஜினல் 3,000 எம்ஏஎச் இருந்த அதே அளவில் '5,000' என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள், அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது. பழைய பேட்டரியை உலோக பிளேடால் நெம்பினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், ஓட்டை விழுந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

சர்வீஸ் சென்டரில் 2,400 கேட்டார்கள், ஒரு நாள் போனைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது, டேட்டாவை பேக்கப் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எரிச்சல்தான். ஆனால் போனுக்கென்றே செய்த பேட்டரி, உத்தரவாதம், போனைத் திறந்தபோது பிரிந்த பசையைப் புதிதாக ஒட்டித் தருவது எல்லாம் அதில் அடக்கம். மழைக்காலத்து மும்பையில் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் அந்தப் பசை சின்ன விஷயம் இல்லை. வீட்டுப் பெரியவர்களின் போன் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கம்பெனி உங்கள் மாடலுக்கு பேட்டரி தருவதை நிறுத்திவிட்டால் மட்டும் மார்க்கெட்.

எங்கே மாற்றினாலும் கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், அங்கே நசுங்கினால் வண்டியே எரியும். முனைகளில் டேப் ஒட்டி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது.