பிரிட்டிஷ் ஸ்லாங்: அமெரிக்கக்காரங்கள மாட்டிவிடுறது புது வார்த்தையா, தெரிஞ்ச வார்த்தையா?

அமெரிக்கக்காரங்களுக்குன்னு போடுற பிரிட்டிஷ் ஸ்லாங் லிஸ்ட் எதை எடுத்தாலும் முதல்ல வர்றது நேக்கர்டு, சஃப்டு, காப்ஸ்மேக்டு மாதிரி வார்த்தைங்கதான். நேக்கர்டுன்னா அடிச்சுப் போட்ட மாதிரி டயர்டு. உழைச்சு ஓஞ்சுபோன குதிரைய வாங்கி அறுக்குற ஆளுக்கு நேக்கர்னு பேரு, அங்கேர்ந்து வந்த வார்த்தை. சஃப்டுன்னா செம சந்தோஷம். காப்னா வாய், வாய்லயே அறை வாங்குன மாதிரி திகைச்சு நிக்கிறது காப்ஸ்மேக்டு.

கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா என்னைக் கேட்டா இதெல்லாம் ஆபத்தே இல்லாத வகை, ஏன்னா டெக்சாஸ்காரருக்கு இது புரியாது, புரியலன்னு அவருக்கே தெரியும், "அப்படின்னா என்ன?"ன்னு கேட்டுடுவார், அவ்ளோதான். லண்டன் கிழக்குப் பக்கத்து காக்னி ஆளுங்க "ஒரு புட்சர்ஸ் போடு"ன்னா ஒரு பார்வை பாருன்னு அர்த்தம். லுக்குக்கு எதுகையா புட்சர்ஸ் ஹுக், அதாவது கறிக்கடைக் கொக்கி, அப்புறம் ஹுக்க விட்டுட்டு புட்சர்ஸ் மட்டும். கறிக்கடைக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்னு அதையும் யாராவது கேட்டுடுவாங்க.

கேக்கவே தோணாத வார்த்தைங்கதான் மாட்டிவிடும். பேன்ட்ஸ் நியூயார்க்ல கால்சட்டை, லண்டன்ல ஜட்டி. பிஸ்டுன்னா அமெரிக்காவுல கோவம், பிரிட்டன்ல ஃபுல் போதை. ஹோம்லி, நம்ம கல்யாண விளம்பரத்துல வருமே, அது பிரிட்டன்ல வீட்டு மாதிரி இதமான இடத்துக்குச் சொல்றது, அமெரிக்காவுல ஒரு பொண்ணப் பார்த்து சொன்னா அழகு பத்தாதுன்னு அர்த்தம்! "ஆல்ரைட்?"னு லண்டன்ல ஒருத்தர் கேட்டா அது வெறும் ஹலோ, நீங்களும் "ஆல்ரைட்"னு சொல்லிட்டுப் போய்ட்டே இருக்கலாம், அமெரிக்கர் என்னடான்னா நம்ம மூஞ்சி வாடியிருக்கு போலன்னு நின்னுடுவார்.

எல்லாத்தவிட மோசம் க்வைட். "க்வைட் குட்"னா அமெரிக்காவுல ரொம்ப நல்லாருக்கு, பிரிட்டன்ல பெரும்பாலும் "ம்ம், பரவால்ல". எங்க டீம் மீட்டிங்ல, இங்கிலாந்து லீட்ஸ்ல இருக்குற மேனேஜர் டல்லாஸ் பொண்ணோட ரிப்போர்ட்டப் பார்த்துட்டு இதத்தான் சொன்னார், அந்தப் பொண்ணு முகமெல்லாம் சிரிப்பா அன்னிக்கே கிளையன்ட்டுக்கு அனுப்பிடுச்சு, அவர் எதிர்பார்த்ததோ இன்னொரு ரவுண்டு திருத்தம். ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, ஆனா ஒரு வாரம் அந்தப் பொண்ணு மீட்டிங்ல வாயே திறக்கல. எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

இது ஆபீஸோட போற விஷயமும் இல்ல. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆத்துப் பக்கம் சீனப் படை அலை அலையா வருது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி, தனக்கு மேல இருந்த அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சோல்கிட்ட நிலைமை "கொஞ்சம் ஸ்டிக்கி"ன்னு சொன்னதா சொல்வாங்க. பிரிட்டிஷ் காதுக்கு அது "தலைக்கு மேல வெள்ளம்". அமெரிக்கர் காதுல விழுந்தது "சிரமம்தான், சமாளிக்கிறோம்". பிரிட்டிஷ்காரங்களோட குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு குன்று மேல சுத்தி வளைக்கப்பட்டு, சுமார் 500 பேர் கைதியானாங்க, தப்பி வந்தவங்க சொற்பம். அந்த ஒரு வார்த்தைதான் காரணம்னு சொல்ல மாட்டேன், எதிர்ல வந்த படை அவ்ளோ பெருசு. ஆனா ஸ்டிக்கின்னா என்னன்னு அந்த ஜெனரலுக்குக் கேக்கத் தோணியிருக்காது, அவருக்குத் தெரிஞ்ச வார்த்தைதானே அது.

லண்டன் கிளம்புற அமெரிக்க நண்பர் யாராச்சும் இருந்தா க்வைட், ஆல்ரைட், பேன்ட்ஸ் இந்த வரிசையில சொல்லிக்கொடுங்க. நேக்கர்டு அங்க போய் கேட்டுக்கட்டும்.