பல் கிளினிக்கில் நம்பி எழுதிக் கொடுத்தது திருடன் கைக்குப் போனது, அம்மாவின் ₹38,500 போச்சு

எழுதும்போதே கை நடுங்குகிறது. போன செவ்வாய்க்கிழமை மதியம் என் அம்மாவிடமிருந்து ₹38,500 பிடுங்கிவிட்டார்கள். பல் கிளினிக்குக்குப் போகிறவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "யாரோ போன் பண்ணினால் பணம் அனுப்புவதா" என்று கேட்க நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். என் அம்மா ஓடிபி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனை வைத்துவிடுகிறவர். கூரியரில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று ஒருத்தன் மிரட்டியபோது அவனைத் திட்டிவிட்டு நம்பரை பிளாக் செய்தவர். இது அந்த மாதிரி அழைப்பே இல்லை. பேசியவனுக்கு அம்மாவின் வாய்க்குள் எந்தப் பல் இல்லை என்று தெரிந்திருந்தது.

திருச்சியில் இரண்டு மூன்று கிளைகள் வைத்திருக்கும், ஏசியும் கண்ணாடிக் கதவுமாக இருக்கிற ஒரு பல் கிளினிக். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றார்கள். முதலில் எலும்பில் ஸ்க்ரூ வைப்பார்கள், அது எலும்போடு சேர்ந்து பிடிக்க மூன்று மாதம், அப்புறம்தான் மேலே கேப். ஸ்க்ரூ வைத்தாகிவிட்டது, கேப்புக்கு பாக்கி ₹43,500.

முதல் நாள் நான்தான் கூட்டிப் போனேன். ரிசப்ஷனில் இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம். சர்க்கரை, பிரஷர், இதயம், ஒவ்வாமை, என்னென்ன மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தது. அதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையோ எலும்புத் தேய்மான ஊசியையோ சொல்லாமல் பல்லில் கை வைத்தால் பெரிய ஆபத்து, அது எனக்கும் தெரியும். அம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. இருபது வருஷமாக மாத்திரை. என்ன வியாதி என்று இங்கே எழுத மாட்டேன், என் மாமியார் வீட்டுக்கே தெரியாது, அத்தை சித்தி யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டம் வந்ததும் அம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கவுன்டரில் இருந்த பெண் அதைக் கவனித்து, எழுந்து வந்து, அம்மா பக்கத்தில் குனிந்து, "பயப்படாதீங்கம்மா, இது டாக்டர் மட்டும்தான் பார்ப்பாங்க, நான்கூட படிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவு தன்மையாகச் சொன்னாள். அம்மா எழுதினார். மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எல்லாவற்றையும் தன்னுடைய குண்டு எழுத்தில். ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டார்கள். பல்லுக்கு எதற்கு ஆதார் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய் மதியம் ஒன்றரை மணி, நான் ஆபீஸில், அப்பா தூங்குகிறார். "கிளினிக்ல இருந்து பேசுறோம்மா, தையல் பிரிச்ச இடம் இப்ப எப்படி இருக்கு, அந்தப் பக்கம் வச்சு மெல்றீங்களா?" என்று ஆரம்பித்திருக்கிறான். டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஸ்க்ரூ வைத்த தேதி, அடுத்து வரச் சொன்ன தேதி, பாக்கி ₹43,500, எல்லாம் சரியாக. இன்றைக்கு லேபுக்கு ஆர்டர் போகிறது, இப்போதே கட்டினால் மூத்த குடிமக்களுக்கு ஐயாயிரம் குறைவு, ₹38,500 போதும் என்றானாம். அப்போதும் அம்மா "பொண்ணு சாயங்காலம் வந்துடுவா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். உடனே அவன், "நீங்க இந்த மாத்திரை சாப்பிடுறதால உங்களுக்குத் தனி மெட்டீரியல்மா" என்று மாத்திரையின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அம்மா விழுந்தது அந்த இடத்தில்தான்.

வாட்ஸ்அப்பில் கிளினிக் லோகோ போட்ட நம்பரிலிருந்து ஒரு யுபிஐ ஐடி வந்தது, அம்மா பணத்தை அனுப்பினார், உடனே ரசீதும் வந்தது. அன்றைய காலண்டர் தாளில் "கேப் பணம் 38,500 கட்டியாச்சு" என்று எழுதி வைத்திருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐயாயிரம் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டால், அப்படி யாரும் பேசவில்லையே மேடம் என்கிறார்கள்.

ஏழு மணிக்கு சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன், புகார் பதிவு செய்து எண் கொடுத்தார்கள். ஐந்தரை மணி நேரம் ஓடிவிட்டது, பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ கைமாறிவிட்டது. பேங்கில், பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். சரி, அதைக்கூட விடுங்கள். கிளினிக்கில் நடந்ததைக் கேளுங்கள்.

புதன்கிழமை நேரில் போனேன். மேனேஜர் லீவு. வியாழன் போனேன், மீட்டிங்கில் இருக்கிறார். ஒன்றே கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவ்வளவு நேரமும் என் எதிரே ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே கிடந்தது, யார் யாருடைய தாடை எக்ஸ்ரேவோ பெயரோடு வந்து விழுந்துகொண்டிருந்தது, லேபுக்கு, இஎம்ஐ ஆளுக்கு, இன்னொரு கிளைக்கு என்று. கடைசியில் வந்த மேனேஜர் சொன்னது இது: "எங்க சாஃப்ட்வேர்ல இருந்து எதுவும் போகாது மேடம். அம்மாதான் யார்கிட்டயாவது பேச்சுவாக்குல சொல்லியிருப்பாங்க." இருபது வருஷமாகச் சொந்தத் தங்கையிடம் சொல்லாதவர் வெளியாளிடம் பேச்சுவாக்கில் சொல்வாரா? ₹38,500 பற்றிக் கேட்டால் அது எங்கள் கணக்குக்கு வரவே இல்லையே என்கிறார். இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிப் புகார் சொன்னதில்லை என்று வேறு.

அது பொய். எப்படித் தெரியும் என்றால், அம்மாவுக்கு அடுத்த தேதி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அன்று ராத்திரி திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வேறு ஒரு பெண்ணின் கேஸ் ஷீட், பாதியாகக் கிழித்தது. பெயர், வயது, போன் நம்பர், அவருக்கு என்ன நோய் என்பது உட்பட எல்லாம் அச்சாகியிருந்தது. எங்கள் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக் கிடந்த சீட்டு அது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அந்த நம்பருக்கு அழைத்தேன். "என் நம்பர் உங்களுக்கு யாருங்க கொடுத்தது?" என்று கோபமாகக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், இரண்டு வாரம் முன்பு அவருக்கும் இதே மாதிரி அழைப்பு வந்திருக்கிறது, மகன் போனை வாங்கிப் பேசியதால் பணம் தப்பித்தது. மறுநாளே கிளினிக்கில் போய்ச் சொல்லியிருக்கிறார். "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்றார்களாம். ஆக இரண்டு வாரமாகத் தெரியும். எல்லாருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருந்தால் அம்மா தப்பித்திருப்பார். தீபாவளி ஆஃபருக்கு மட்டும் மெசேஜ் அனுப்பத் தெரிகிறது.

இனி அங்கே போக வேண்டாம், கேப்பை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இன்னொரு டாக்டரிடம் போனோம். ஸ்க்ரூ எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று தெரிய வேண்டும், ஒவ்வொரு கம்பெனிக்கும் மேலே மாட்டுகிற பாகம் வேறு வேறு, பழைய ரெக்கார்டை வாங்கி வாருங்கள் என்றார். கேட்டால், "பேஷன்ட் ரெக்கார்ட் கான்ஃபிடென்ஷியல், வெளியே தர முடியாது" என்கிறார்கள். யாரோ ஒரு திருடனுக்குப் போன ரெக்கார்ட், அந்த வாயும் அந்த ஸ்க்ரூவும் யாருடையதோ அவருக்குக் கிடையாதாம். வக்கீல் தோழி ஒருத்தி சொன்னாள், மருத்துவக் குறிப்புகளைத் தனிக் கவனத்தோடு பாதுகாக்க வேண்டும் என்று 2011-லேயே தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகள் இருக்கின்றன. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ₹250 கோடி வரை அபராதம்கூட உண்டு, ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலும் 18 மாதம் அவகாசம். எங்களுக்கு இப்போது எது உதவும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பணத்தைவிட இன்னொன்று என்னை வதைக்கிறது. அந்தப் புது டாக்டரிடமும் படிவம் கொடுத்தார்கள். மாத்திரைக் கட்டத்தில் அம்மா "இல்லை" என்று எழுதிவிட்டார். நான் உள்ளே போய் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். வீடு வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. கிளினிக் பெயரில் யார் பணம் கேட்டாலும், உங்கள் பல்லின் ஜாதகத்தையே ஒப்பித்தாலும், நேரில் கவுன்டரில் கட்டுங்கள். ஆதார் நகல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். வியாதியை மறைக்காதீர்கள், ஆனால் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட் வைத்தால் ஸ்க்ரூ டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். பணம் போனால் அந்த நிமிஷமே 1930, எங்களைப் போல சாயங்காலம் வரை விடாதீர்கள்.

நாளை பத்து மணிக்கு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலண்டர் தாளையும் அந்தத் துண்டுச் சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.