கியர்பாக்ஸை மாற்றியும் போகாத சத்தம்: போர்ஷே 944-க்கு இரண்டு பட்டறைகளில் பார்த்த வைத்தியம்

என்னிடம் இருப்பது 1986-ஆம் வருடத்து போர்ஷே 944. பெயரைக் கேட்டுப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் வாங்கியபோது அதன் விலை, ஆபீஸ் நண்பர் எடுத்த புது ஸ்கோடாவில் பாதிகூட இல்லை. குடியிருப்பது ஜெர்மனியில், ஹைல்ப்ரொன் நகரத்தில். பக்கத்திலேயே இருக்கும் நெக்கார்சுல்மின் ஆடி தொழிற்சாலையில்தான் இந்த வண்டியைச் செய்தார்கள். உள்ளூர்ப் பிள்ளை என்ற பாசம் வேறு.

போன வருடம் வசந்த காலத்தில் சத்தம் ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஒரு ஊளை. காலை எடுத்தால் அடங்கிவிடும். அது போக, சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது கரகரவென்று ஒரு முனகல். கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடும். முதலில் விலை உயர்ந்த சிந்தெடிக் கியர் ஆயில் மாற்றிப் பார்த்தேன். ஊளை கொஞ்சமும் குறையவில்லை. தேய்ந்த பேரிங்குக்கு எந்த ஆயிலும் மருந்தாகாது.

இந்த வண்டியின் அமைப்பைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. எஞ்சின் முன்னால். கியர்பாக்ஸும், சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டில் பின்னால். அதைத்தான் டிரான்ஸ்ஆக்சில் என்கிறார்கள். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிவதால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரு நீளக் குழாய் இணைக்கிறது. குழாய்க்குள் ஒரு ஷாஃப்ட், அதைத் தாங்க வரிசையாகப் பேரிங்குகள். கிளட்ச் இருப்பதோ முன்னால், எஞ்சினை ஒட்டி. ஆகவே கிளட்சை மிதித்தால் குழாய் ஷாஃப்டும் நிற்கும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் நிற்கும். மற்ற வண்டிகளில் "கிளட்சை மிதித்தால் சத்தம் போகிறதா? அப்படியானால் கியர்பாக்ஸ் பேரிங்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதில் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் போன பட்டறை அப்படித்தான் சொன்னது. பெயர் வேண்டாம். தரையில் பளபள டைல்ஸ், வாசலில் காபி மெஷின், சுவரில் பந்தயக் கார் படங்கள். ஐந்து நிமிடம் கேட்டார்கள், ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸ் போய்விட்டது, இதையெல்லாம் இப்போது யாரும் பிரித்து வேலை பார்ப்பதில்லை, எங்களிடம் சோதித்துப் பார்த்த பழைய பாக்ஸ் ஒன்று இருக்கிறது" என்றார்கள். கூலியோடு 1,850 யூரோ. என் பாக்ஸை அவர்களிடமே விட்டுவிட்டால் 150 குறைப்பார்களாம். ஏனோ மனசு வரவில்லை. இரண்டு பேராகத் தூக்கி, பழைய கம்பளியில் சுற்றி, வீட்டு நிலவறையில் வைத்தோம். அன்றைக்கு வீட்டுக்காரி பார்த்த பார்வையைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

வண்டியை எடுத்து முதல் சிக்னலில் நின்றேன். அதே கரகர. ஊரைத் தாண்டி பி 27 சாலையில் ஏறினால் ஊளையும் இருந்தது, ஆனால் சுருதி மாறியிருந்தது. முன்பு மிதித்தால் கத்தும், இப்போது காலை எடுத்தால் கத்துகிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நாற்பது வயது வண்டி, அப்படித்தான் இருக்கும். வேண்டுமானால் இன்னொரு பாக்ஸ் தருகிறோம், கழற்றி மாட்டும் கூலி மட்டும் உங்களுடையது" என்று பதில் வந்தது.

இரண்டாவது இடம் ஹோஹென்லோஹெ பக்கம் ஒரு கிராமத்தில், பண்ணை வீட்டுக்குப் பின்னால். ஒரு பெரியவரும் அவர் மருமகனும், அவ்வளவுதான் ஆட்கள். பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையே அதிகமாம். ஜெர்மானியர்கள் இவரை மைஸ்டர் என்பார்கள். நம் மேஸ்திரிக்கும் அந்தச் சொல்லுக்கும் லத்தீன் வழியில் தூரத்துச் சொந்தம் உண்டு.

மேஸ்திரி என்னையே ஓட்டச் சொன்னார். பின் சீட் என்ற பெயரில் இருக்கும் அந்த இரண்டு பள்ளங்களில் ஒன்றில் கால்களை மடக்கி உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, டிக்கித் தரையில் காதை வைத்துக்கொண்டார். கியர்பாக்ஸ் நேர் கீழே. "மிதி... விடு... மறுபடி மிதி... இப்போது இடது பக்கம் வளை." வளைவில் சத்தம் மாறவில்லை, அதனால் வீல் பேரிங் இல்லை என்றார். மிதிப்பதற்கும் விடுவதற்கும் மாறுகிறது, கியர் எதுவானாலும் வேகத்தோடு கூடிக் குறைகிறது, அதனால் பினியன் பக்கம், அதாவது கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தின் பக்கம். அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு, நம்ம ஊர் மெக்கானிக் செய்வது போலவே, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் குழாயில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டினார். என்னிடமும் நீட்டினார். கியர்பாக்ஸ் கூட்டில் வைத்தால் அமைதி. குழாயின் நடுவில் வைத்தால் ஆட்டுக்கல்லில் மணல் அரைபடுகிற சத்தம்.

ஆக, நோய் இரண்டு. கரகரப்பு குழாய் பேரிங்கிலிருந்து, ஊளை கியர்பாக்ஸிலிருந்து. இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம், 80 யூரோ. இந்த 80-ஐ முதலில் செலவழித்திருந்தால் அந்த 1,850 மிஞ்சியிருக்கும்.

வாங்கிய பாக்ஸின் டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை வடிக்கும் மூடியைக் கழற்றியபோது அதன் காந்தத்தில் ஜிகினா மாதிரி இரும்புச் செதில்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, செதில் இருந்தால் உள்ளே ஏதோ உதிர்கிறது என்று அர்த்தம். (நீங்களே ஆயில் மாற்றுவதாக இருந்தால், ஊற்றுகிற பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். 17 மி.மீ. ஆலன் சாவி வேண்டும். வடித்த பிறகு அது திறக்காமல் இறுகியிருந்தால் நடுத்தெருதான்.) "உன் சொந்த பாக்ஸ் எங்கே?" என்று கேட்டார். நிலவறையில் என்றேன். முதன்முறையாகச் சிரித்தார்.

என் பாக்ஸில் பினியன் பேரிங்கின் உருளைகள் அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தன. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் பினியனும் நன்றாக இருந்ததுதான் அதிர்ஷ்டம். அவை ஜோடி சேர்த்துச் செய்யப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பேரிங்கை மாற்றினால் பினியன் நிற்கும் ஆழம் மாறும், ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் வைத்து மறுபடி சரிசெய்ய வேண்டும். அன்று நான் பக்கத்தில் இருந்தேன். பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினார். பசை அழிந்த இடம் பல்லின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. மொத்தத்தையும் கழற்றி வேறு ஷிம் வைத்து மறுபடி சுற்றினார். நான்காவது தடவை, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடம் பல்லின் நடுவில் விழுந்தது. டயல் கேஜ் என்னும் முள் காட்டும் அளவுகருவியில் பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளியை அளந்து, கூட்டின் மேல் பேப்பர் டேப் ஒட்டி அந்த எண்ணையும் தேதியையும் எழுதினார்.

நடுவில் ஒரே ஒரு போன். "குழாயை இறக்கிவிட்டேன், கிளட்ச் தட்டு கையில் இருக்கிறது, நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறது. இப்போது மாற்றவா, இல்லை இரண்டு வருடம் கழித்து இதே கூலியை மறுபடி தருகிறாயா?" இந்த வண்டியில் கிளட்சைத் தொட கியர்பாக்ஸையும் குழாயையும் பின்னால் எடுத்தாக வேண்டும். மாற்றச் சொன்னேன்.

எல்லாம் சேர்த்து 3,640 யூரோ. பில்லில் ஷிம் வரைக்கும் தனித்தனி வரி. கழற்றிய பாகங்கள் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் பெயர் எழுதித் திரும்பி வந்தன. குறை உண்டு: நான்கு வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் ஆக்கினார். குழாய்க்குப் பேரிங் ஏற்ற வெளியே அனுப்பியதில் தாமதமாம். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மின்னஞ்சலைத் திறந்தே பார்ப்பதில்லை. கோடை முழுக்க வண்டி இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது கியரில் மெல்லிய சத்தம் ஒன்று இருக்கிறது. அது அந்தப் பல்லின் தேய்மானம், விட்டுவிடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பத்துக்கு எட்டு மதிப்பெண் தருவேன். போன இரண்டும் நேரத்துக்காக.

வண்டியை எடுத்து வந்த மூன்றாம் நாள் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து புதிதாக ஒரு ரீங்காரம். போனைக் காருக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அது பெட்ரோல் பம்ப். 1986-லிருந்து அப்படித்தான் பாடுகிறது, உனக்கு இப்போதுதான் கேட்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டார்.