கிராமத்துப் பிள்ளைக்கு வீட்டுக் கல்வியா, ஊர்ப் பள்ளியா?

கிராமத்தில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் ஒன்று கூடினால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். காலை ஏழு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கும் மஞ்சள் வேன், டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி, தூங்கி வழிந்துகொண்டே எழுதும் ஹோம்வொர்க், வருஷா வருஷம் ஏறும் ஃபீஸ். அந்தப் பள்ளியோடு ஒப்பிட்டால் வீடு சுலபமாக ஜெயித்துவிடும். என் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த ஜெயிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் கிராமத்தில் வீட்டுக் கல்விக்கு நிஜமான போட்டி தெருமுனையில் இருக்கும் அரசுப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அது இருக்கிறது. அங்கே ஃபீஸ் இல்லை, வேன் இல்லை, பிள்ளை நடந்து போய் நடந்து வரும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வீட்டுக் கல்வி எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று தெரியவரும்.

சட்டத்தைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் வைக்கவில்லை. தாமாக விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம் என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. ஆக, குற்றமும் இல்லை, தனி அங்கீகாரமும் இல்லை. பயந்துகொண்டு நடத்த வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை

வீட்டின் பெரிய பலம் நேரம். "இயற்கையோடு வளர்கிறான்" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஊர்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அதே கிணற்றில் குதிக்கிறது, அதே புளியமரத்தில் கல் எறிகிறது. அது வீட்டுக் கல்விக்கு மட்டும் உள்ள சொத்து கிடையாது. ஒரு விஷயத்தில் மனம் பதிந்துவிட்டால் அது முடியும்வரை பிள்ளை அதிலேயே இருக்கலாம், நடுவில் பெல் அடிக்காது. அதுதான் வீடு தருவது.

எங்கள் பக்கம் கடலை பிடுங்கும் நாட்களில், ஆய்ந்த கடலையைப் படியால் அளந்து கூலி போடுவார்கள். மூன்றாம் வகுப்பு வயதுள்ள ஒரு பெண் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தர் தலை தட்டி அளக்கிறார், இன்னொருத்தர் குவித்து அளக்கிறார். இரண்டுக்கும் ஒரே கூலியா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு படியைத் தலை தட்டியும் குவித்தும் மாற்றி மாற்றித் தராசில் நிறுத்தாள். ஈரக் கடலையும் காய்ந்த கடலையும் ஒரே எடை வரவில்லை என்பது அப்போது அவள் கண்ணில் பட்டது. அடுத்த சில நாட்கள் வீட்டு முற்றத்தில் கடலையைக் காய வைத்து, நிறுத்து, நோட்டில் எழுதுவதுதான் வேலை. கொள்ளளவு, எடை, சராசரி, பின்னம் எல்லாம் அதில் வந்துவிட்டன. யாருக்கு எவ்வளவு நியாயமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. எந்த வகுப்பறையும் ஒரு பிள்ளைக்கு இத்தனை நாளை ஒதுக்க முடியாது.

ஊர்ப் பள்ளியின் பக்கத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்வது இரண்டு ஆசிரியர்கள். அப்படியென்றால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒரு டீச்சர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார முடியாது. இது அவர்கள் குறையல்ல, பள்ளியின் அமைப்பு அப்படி. ஆனால் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு சின்ன வகுப்புகளில் பாட்டு, கதை, அட்டை, பயிற்சி நூல் என்று பாடம் நடத்தும் முறையே மாறியிருக்கிறது. பிள்ளையை எந்த வகுப்பு என்று மட்டும் பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்க அதில் வழி இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களும் அந்தப் பயிற்சி நூல்களை வாங்கிப் பார்க்கலாம். நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

சாப்பாடு இன்னொன்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாருக்கும் உண்டு. மதியச் சத்துணவில் முட்டை உண்டு. விடியற்காலையில் களை எடுக்கப் போகும் அம்மாவுக்கு இந்த இரண்டு வேளை என்ன என்பது எங்களைப் போல வீட்டில் இருந்து சமைக்க முடிகிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. வீட்டுக் கல்விக்கு ஃபீஸ் இல்லை என்று சொல்வதில் உண்மை பாதிதான். ஒரு பெரியவர், அநேகமாக அம்மா, சம்பாதிக்கும் நேரத்தை அதற்குக் கொடுக்கிறார். தினக் கூலியை நம்பி இருக்கும் வீட்டில் போய் "பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொல்வதை நான் தவறு என்றே நினைக்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பிள்ளைகளின் கூட்டு. ஊரில் தெருக்கள் சாதியாகப் பிரிந்து கிடக்கின்றன. கோயில் திருவிழாவிலும், டீக்கடையிலும், சுடுகாட்டிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடும் இடம் ஊருக்குள் கிட்டத்தட்ட அந்தப் பள்ளி ஒன்றுதான். வீட்டுக் கல்விக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுகிறோம். பிள்ளைகள் சேர்ந்து சமைக்கிறார்கள், கதை சொல்கிறார்கள், நாள் போவதே தெரியாது. ஆனால் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். படித்த, கொஞ்சம் நிலமோ சேமிப்போ உள்ள குடும்பங்கள். ஊர்ப் பள்ளியில் கிடைக்கிற கலப்பு அந்தக் கூட்டத்தில் கிடைக்காது. அதனால் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடுவதைப் பாடத்தைவிடக் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கபடியோ, கில்லியோ, எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் நம் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்ய மனமில்லாத வீடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே மேல்.

ஆறாம் வகுப்பில் கணக்கு மாறுகிறது

ஐந்தாம் வகுப்பு வரை வீட்டில் இருந்தால் காகிதத்தில் பிள்ளைக்கு எந்த நஷ்டமும் இல்லை. சட்டத்தின் 4-வது பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்பு வயதில் போய் நின்றால் ஆறாம் வகுப்பில் இடம் உண்டு.

அதற்குப் பிறகு அப்படி இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது, அதே 1,000 ரூபாய். இவை எல்லாமே பார்ப்பது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதைத்தான். வீட்டில் இருந்து தனியாகப் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு இவை கிடைக்காது.

ஆகவே என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் நேரம் கொடுக்க ஆள் இருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை வீடு. ஆறில் அரசுப் பள்ளி. கிராமத்தில் நடுத்தர வருமானமுள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. டாக்டராகணும் என்று பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். மாறும் வருஷம் சுலபமாக இருக்காது. நேரத்துக்கு எழுதி முடிப்பதும், நாற்பது பேர் சத்தத்தில் கவனிப்பதும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிது. அந்த வருஷக் கோடை விடுமுறையில் தினம் ஒரு பக்கம் பார்த்து எழுத வைத்தால், கை வேகமாவது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ஆறுக்குப் பிறகும் வீட்டிலேயே என்றால்

அப்போது தேர்வு எந்த வழியில் என்ற கேள்வி வரும். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைத் தனியாக எழுதலாம்; செலவும் மையத்தின் தூரமும் கிராமத்துக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மிஞ்சுவது இரண்டு: மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ்; இன்னொன்று, பள்ளியில் சேராமலே மாநில வாரியப் பரீட்சையை எழுதும் தனித்தேர்வர் வழி.

என்ஐஓஎஸ் 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழ் உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வு. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, எழுதி முடித்த பாடம் கணக்கில் அப்படியே நிற்கும். தேர்ச்சிக்கு 33. ஓவியம், மனையியல் போன்ற பாடங்களையும் எடுக்கலாம். கணக்கைத் தொடாமலேயே பத்தை முடித்துவிடலாம் என்பது சில பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். ஆனால் பதினொன்றில் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் அதே வசதி கதவை அடைத்துவிடும். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதலாமா என்ற நீண்ட வழக்கு 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. கிராமத்தில் இருந்து பார்த்தால் இதன் குறை தூரம். படிப்பு மையமும் தேர்வு மையமும் பெரும்பாலும் நகரத்தில். எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று பதிவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தனித்தேர்வர் வழியில் சுதந்திரம் குறைவு. பன்னிரண்டரை வயது முடிந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பதினான்கரை முடிந்ததும் பத்தாம் வகுப்பு. ஐந்து பாடம், 500 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. கணக்கும் அறிவியலும் தப்ப முடியாது. அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். இருந்தாலும் கிராமத்துக்கு இதுதான் ஒத்துவருகிறது. பாடப்புத்தகம் முழுக்கத் தமிழில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா படித்த அதே புத்தகம் என்பதால் சந்தேகம் கேட்க ஆள் தேடி அலைய வேண்டாம். பரீட்சை மையமும் பஸ் ஏறிப் போய் வரும் தூரத்தில் கிடைக்கும்.

கையால் வேலை செய்வதிலோ கலையிலோ ஊறிப்போன பிள்ளைக்கு என்ஐஓஎஸ்; மற்றவர்களுக்குத் தனித்தேர்வர் என்பேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. திருவண்ணாமலை பக்கம் மருதம், தர்மபுரி மாவட்டத்தில் புவிதம், ஆனைகட்டியில் வித்யா வனம் போன்ற பள்ளிகள், வீட்டில் நாம் செய்ய ஆசைப்படுவதைப் பல பிள்ளைகளோடு சேர்த்துச் செய்கின்றன. அருகில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதற்காக நிலத்தையும் ஊரையும் விட்டுக் குடிபெயர்வது வேறு விஷயம். அதை ஒவ்வொரு வீடும் தன் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எந்த வழியில் போனாலும், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் பயிற்றுநர் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வருவார். பிள்ளை குழந்தைத் தொழிலாளியாகவோ படிப்பை இடையில் விட்டதாகவோ இருக்குமோ என்று தேடி வருகிறவர் அவர். நல்ல வேலை செய்கிறவர். உட்கார வைத்து, மோர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று மூன்றையும் முன்பே வாங்கி வையுங்கள், டி.சி. இல்லாத பிள்ளைக்கு இவைதான் கை கொடுக்கும். அவர் வருவதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, நீங்களாகப் போய் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லுங்கள். விளையாட்டுப் போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளையை அனுப்பலாமா என்று கேளுங்கள். நாளைக்கு ஆறாம் வகுப்பில் சேர்க்க யோசனை கேட்டு நிற்கப் போவதும் முதலில் அவரிடம்தான்.