24 எச்.பி. சின்ன டிராக்டர்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

டிராக்டர் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சொன்னது, "எடுக்கிறதுதான் எடுக்கிற, 35 எச்.பி.யா எடு" என்றுதான். நான் எடுத்தது 24 எச்.பி., நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. இப்போது மீட்டரில் 1,140 மணி நேரம் ஓடியிருக்கிறது.

எங்கள் விளை, அதாவது மேட்டுத் தோட்டம், கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம். ஒன்றே முக்கால் ஏக்கர், மூன்று தட்டு. தென்னைக்கு நடுவே ஏத்தன் வாழை, ஓரமாக மரச்சீனி (மரவள்ளி). உள்ளே இறங்குகிற வழி இரண்டு கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) நடுவில் ஐந்தடிகூடத் தேறாது. அந்த அகலத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். 35 எச்.பி. வண்டியில் பிடித்துப் பார்த்தபோது டயர் முடிச்சைத் தாண்டி நின்றது. என் வண்டி மூன்றரை அடிதான். ஆறடி இடைவெளியில் நட்ட ஏத்தனுக்குள் முதல் மூன்று மாதம் இலையில் உரசாமல் போய்வரும்.

ஏமாந்தது, மண்ணைக் கிளறிப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரில். "ஐந்தடி அகலம் தாராளமா இழுக்கும்" என்று விற்றவர்கள் சொன்னதை நம்பினேன். ஐப்பசி மழையில் ஊறிய செம்மண்ணில் இறக்கினால், பத்தடி போவதற்குள் எஞ்சின் சத்தம் அமுங்கிக் கரும்புகை தள்ளியது. தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, கால் ஏக்கருக்கு ஒரு பகல் போயிற்று. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "மக்களே, 24ங்கிறது எஞ்சினுக்கு. கியர்பாக்ஸ் தாண்டி, பின்னால கருவியைச் சுத்துற தண்டு, அந்த பி.டி.ஓ.வில கிட்டுறது 20, 21தான். அதும் முழு ரேஸில. இதுக்கு நாலடி போதும்" என்றார். கைநஷ்டத்தோடு மாற்றினேன். அதே மண்ணில் நாலடி ரோட்டவேட்டர் திணறவில்லை. மணிக்கு டீசல் மூன்று லிட்டருக்குள் அடங்குகிறது. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள், கருவியின் அகலத்தை அதற்குத் தகுந்தபடி எடுங்கள்.

சரி, குறையே இல்லையா? ட்ரெய்லரில் சாணி ஏற்றி மேல்தட்டுக்கு ஏறும்போது பின்சக்கரம் வழுக்கியது. எஞ்சின் திணறவில்லை, சக்கரம்தான் சும்மா சுற்றியது. வண்டிக்கு எடை போதவில்லை. பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பிறகு பிடிமானம் வந்தது. பெரிய எஞ்சின் வாங்கியிருந்தாலும் எடை இல்லாவிட்டால் இதே கதைதான்.

நெல்வயலில்தான் உண்மையாகவே போதவில்லை. வீட்டுக்காரி வழியில் தோவாளைப் பக்கம் 80 சென்ட் வயல் இருக்கிறது. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டித் தொளி அடிக்க (சேற்றுழவுக்கு)ப் போய், களிமண்ணில் புதைந்து, ஆள் வைத்து இழுத்தோம். இப்போது கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் பெரிய டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியை உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். வருஷத்தில் இரண்டு நாள் வேலை. அதற்காக மீதி நாளெல்லாம் விளைக்குள் நுழையாத வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மச்சினனுக்குப் பூதப்பாண்டியில் நாலு ஏக்கர் வயல், விளை கிடையாது. போன வாரம் வந்து, "அத்தான், நானும் இதே வண்டி எடுக்கட்டா?" என்று கேட்டான். வேண்டாம், 40 எச்.பி.க்குப் பக்கத்தில் பார் என்றேன். வயலுக்கு இறங்குகிற பாதையை முதலில் அளந்துகொள்ளச் சொல்லி அந்தக் கயிற்றையும் கொடுத்தனுப்பினேன்.