காவிரிப் படுகையின் கரைப்பாதைகளில் எக்ஸ்பல்ஸ் 200 4வி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கரடுமுரடான பாதைக்கு எந்த மோட்டார் சைக்கிள் ஏற்றது என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஏற்றத்தில் இழுக்கும் வலு, பாறையில் ஏறும் திறன், குளிரில் எஞ்சின் கிளம்பும் விதம் என்றே அவர்களின் அளவுகோல்கள் அமைகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓட்டுகிறவருக்கு அவற்றில் பாதி உதவாது. இங்கே மேடு என்றால் ஆற்றங்கரைதான், பாறை என்பதே கிடையாது. மாறாக, நனைந்தால் சக்கரத்தை விழுங்குவதும் காய்ந்தால் கல்லாக இறுகுவதுமான களிமண் இருக்கிறது. கொள்ளிடத்தில் ஆழமான மணலும், கடலோரத்தில் உப்பும் இருக்கின்றன. இந்த மூன்றையும் பல பருவங்கள் பார்த்துவிட்ட ஒரு வண்டியைப் பற்றியும், அதைத் தேர்ந்தெடுத்த காரணங்கள் எவ்வளவு தூரம் சரியாக இருந்தன என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

வண்டி, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. 2019-இல் இரண்டு வால்வு எஞ்சினுடன் வந்த எக்ஸ்பல்ஸ் 200, 2021 அக்டோபரில் நான்கு வால்வுகளுடன் இந்த வடிவத்தைப் பெற்றது. 199.6 சிசி எஞ்சின், 19.1 பிஎஸ் (குதிரைத்திறன்), முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமும் உள்ள ஸ்போக் சக்கரங்கள், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி, முன் சஸ்பென்ஷனுக்கு 190 மி.மீ., பின்னதற்கு 170 மி.மீ. அசைவு. எடை 158 கிலோ. இந்தப் பட்டியலில் நம் ஊருக்கு மிக முக்கியமான எண் எது என்று கேட்டால், தயங்காமல் கடைசி எண்ணைத்தான் காட்டுவேன்.

எடை ஏன் முக்கியம் என்பதை வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து பாமணி ஆற்றின் கரையிலேயே மன்னார்குடி நோக்கிப் போகிறவர் ஒரே அறுவடைக் காலத்தில் தெரிந்துகொள்வார். சம்பா அறுவடைக்கு வரும் பெல்ட் மிஷின்கள் (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் நகரும் அறுவடை இயந்திரங்கள்) கரையை விட்டு வயலுக்கு இறங்கும் இடங்களில் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தாலும் உள்ளே உளைதான். அப்படி ஓர் இடத்தில் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. வரப்பில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "ஆக்ஸிலேட்டரை முறுக்காதீங்க தம்பி, முறுக்க முறுக்கக் கீழதான் போகும். வண்டியைச் சாய்ச்சுப் படுக்க வையுங்க" என்றார். அவர் சொன்னபடி எஞ்சினை நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்ததும் சக்கரம் குழியிலிருந்து தானாக வெளியே வந்தது. குழியில் வைக்கோலைத் திணித்து மிதித்து, ஹேண்டில் பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டபோது ஏறிவிட்டது. 158 கிலோ என்பதால்தான் இதைத் தனியொருவனாகச் செய்ய முடிந்தது. 199 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ இதே கரையில் இதேபோல் எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். புதிய ஹிமாலயன் 450-உம் 196 கிலோ. நெடும்பயணத்தில் அந்த வண்டிகள் தரும் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத வாய்க்கால் கரையில் தனியாகப் போகிறவர் தம் வண்டியைத் தாமே தூக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே, முடிந்தால் கடையிலேயே, சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கரைகளில் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உரமூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு அது போகாத இடமே கிடையாது. அதற்குக் காரணம் எஞ்சின் வலு அன்று, 90 கிலோவைத் தொடாத எடைதான்.

இருக்கை உயரத்தைப் பற்றிப் பலரும் தங்கள் உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கரைப்பாதையில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வண்டித் தடம் நடுவில் இருக்க, இருபுறமும் கரை சரிந்து இறங்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்போது கால் ஊன்றும் இடம் சக்கரம் நிற்கும் இடத்தைவிட அரையடி தாழ்ந்திருக்கும், போதாததற்கு அது ஈரமாகவும் இருக்கும். 825 மி.மீ. இருக்கையில் நடுத்தர உயரமுள்ளவர் இதைச் சமாளித்துவிடலாம். இதே வண்டியின் ப்ரோ வகையில் சஸ்பென்ஷன் அசைவு முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. என்று கூடுகிறது. தரை இடைவெளியும் 270 மி.மீ. ஆகிறது. தாளில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இருக்கை 891 மி.மீ. உயரத்துக்குப் போய்விடுவதால், எகிறிக் குதிக்கும் மேடுகளே இல்லாத நம் பகுதியில் அந்தக் கூடுதல் அசைவால் கிடைக்கும் நன்மையைவிடக் கால் எட்டாத சிரமமே பெரிது என்பது என் முடிவு. 139 கிலோவே எடையுள்ள கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. எடையில் அது எக்ஸ்பல்ஸைவிட நமக்கு நெருக்கமானது. அதன் இருக்கை உயரமான 880 மி.மீ. தடையாக இல்லாத அளவுக்கு நெடிய கால்கள் உள்ளவர்கள் அதை அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

களிமண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் விவரக் குறிப்பேடுகள் எதுவும் சொல்லாத விஷயம் இதில்தான் இருக்கிறது. வண்டல் கலந்த களி டயரில் ஒட்டினால் உதிராது. அடுத்த சுற்றில் இன்னொரு படலம் சேரும். டயரை ஒட்டியே மட்கார்டு அமைந்த வண்டிகளில் சில நிமிடங்களிலேயே இடைவெளி அடைத்து, முன்சக்கரம் உருளாமல் இழுபடத் தொடங்கிவிடும். எனவே நம் பகுதியில் வண்டி பார்க்கப் போகிறவர் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். எக்ஸ்பல்ஸில் அந்த இடைவெளி தாராளமாக உண்டு. பின்பக்கம் எந்த வண்டிக்கும் முழு விடுதலை இல்லை. செயின், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடி ஆகிய மூன்று இடங்களிலும் களி அடையும். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி, உள்ளே இறுகியதைத் தட்டையான குச்சியால் சுரண்டி எடுக்கும் வேலையை மழைக்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் அதன்மேலேயே செயின் எண்ணெய் விடுகிறவர்களின் செயின், எண்ணெயும் மணலும் சேர்ந்த கலவையில் உராய்ந்து பாதி ஆயுளிலேயே போய்விடும்.

வைக்கோலும் அப்படித்தான். தை, மாசி மாதங்களில் கிராமத்துச் சாலைகளில் கதிரையும் வைக்கோலையும் பரப்பிக் காய வைப்பார்கள். அது பின்சக்கர அச்சிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். இந்த வண்டியில் சைலன்சர் உயர்ந்து பின்னோக்கிப் போவது இதற்கு நல்லது என்றாலும், சூடான வளைகுழாயில் வைக்கோல் சிக்கியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிடும் வழக்கம் வேண்டும்.

கொள்ளிடத்து மணல் வேறு கதை. அணைக்கரைப் பக்கமும் அதற்கு மேற்கேயும் நீர் வற்றிய மாதங்களில் மணற்பரப்பு விரிந்து கிடக்கும். அங்கே 21 அங்குல முன்சக்கரத்தின் அருமை தெரியும். சிறிய சக்கரம் மணலைத் தள்ளிக்கொண்டு புதையும் இடத்தில் இது மேலேறி உருண்டு போகும். 2020-இல் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சரின் 19 அங்குல அலாய் சக்கரத்தை இதே மணலில் ஓட்டியபோது, எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தும் முன்பக்கம் எந்தப் பக்கம் போகும் என்பது நம் கையில் இல்லாததுபோல் இருந்தது. எழுந்து நின்று, உடலைப் பின்னே சாய்த்து, வேகத்தைக் குறைக்காமல் ஒரே சீராகப் போவதுதான் மணலில் முறை. மணல் அள்ளிய பழைய குழிகள் செங்குத்தாக வெட்டுண்டு கிடக்கும் என்பதால், முன்பின் தெரியாத பரப்பில் முதலில் நடந்து பார்த்துவிட்டே ஓட்ட வேண்டும். காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கும் கீழே போனால், இது டியூப் டயர் என்பதால், டயர் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை அறுத்துவிடும் ஆபத்து உண்டு. கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளையும் சேர்த்து நினைத்தால், உதிரி டியூப், டயர் நெம்பிகள், கைப்பம்பு ஆகியவை இல்லாமல் கிளம்பக் கூடாது. கிராமத்துப் பஞ்சர் கடைகளில் 18 அங்குல டியூப் கிடைத்துவிடும், 21 அங்குலம் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு 21 அங்குல டியூபையே பின்சக்கரத்தில் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம் என்பதால் நான் அதையே கையில் வைத்திருக்கிறேன்.

இனி, சாலையில் ஓட்டச் சட்டப்படி பதிவு பெற்ற வண்டியாக இருக்க வேண்டியதன் தேவை. பந்தயத்துக்கென்று விற்கப்படும், பதிவு செய்ய முடியாத வண்டிகள் எடையில் இதைவிட மிகக் குறைந்தவை. அவற்றின்மேல் ஆசைப்படும் இளைஞர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நம் பகுதியில் எந்தக் கரைப்பாதையும் தொடர்ந்து நெடுந்தூரம் போவதில்லை. ஒரு சட்ரஸ் (ஆற்று மதகு) வரும், அங்கே தார்ச்சாலை குறுக்கிடும், கொஞ்ச தூரம் பேருந்துகளுக்கு நடுவே போய் மறுபடி கரையில் இறங்க வேண்டும். தஞ்சாவூர் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலையைத் தொடாமல் வெண்ணாற்றுப் பக்கத்திலிருந்து கடலோரம் போய்ச் சேர்வது ஏறத்தாழ இயலாத காரியம். பதிவெண்ணும் காப்பீடும் இல்லாத வண்டியில் அந்தச் சில கிலோமீட்டரில் ஒரு விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்குக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கிடைக்க வழியிருக்காது. பதிவு பெற்ற வண்டியிலும் நினைத்தபடி மாற்றங்கள் செய்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சைலன்சரை மாற்றி ஊரையே எழுப்பிக்கொண்டு போகிறவர்களால் கரையில் குடியிருப்பவர்களுக்கு எல்லா வண்டிக்காரர்கள் மேலும் வெறுப்பு வந்துவிடுகிறது. சேலைப் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றுகிறவர்களும் உண்டு. பின்னிருக்கையில் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் காக்க விதிகள் கேட்கும் அமைப்பு அது. என் வண்டியில் அது அப்படியேதான் இருக்கிறது, அதனால் எந்தப் பாதையிலும் இடைஞ்சல் வந்ததில்லை.

நெடுஞ்சாலையில் இதன் இயல்பையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 80 கி.மீ. வரை இது நிம்மதியாக ஓடும். 90-ஐ ஒட்டும்போது 200 சிசி எஞ்சினிடம் இதற்குமேல் கேட்கக் கூடாது என்பது கைப்பிடியிலேயே தெரியும். திருச்சி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் தினமும் போய்வருகிறவருக்கு வேறு வண்டிதான் ஏற்றது. 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 அந்தக் குறையை 24.6 பிஎஸ் திறனால் ஓரளவு ஈடுகட்டுகிறது, எடை மட்டும் 170 கிலோவை நெருங்குகிறது. பெட்ரோலைப் பொறுத்தவரை, கரையும் சாலையும் கலந்த ஓட்டத்தில் லிட்டருக்கு 40 கி.மீ. அளவில் கிடைக்கிறது. 13 லிட்டர் தொட்டியுடன் கல்லணையிலிருந்து கடலோரம் வரை போகத் தாராளமாகப் போதும்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என் வண்டியில் முன்சக்கரத்துக்கு மட்டுமே. பின்சக்கரத்தை விரும்பியபோது பூட்டித் திருப்ப முடிவதால் மண்ணில் இது வசதிதான். நனைந்த களியில் எந்த ஏபிஎஸ்ஸும் பெரிதாக உதவாது, வேகத்தைக் குறைத்துக்கொள்வதே வழி.

வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிவிட வேண்டும். அங்கே ஈரக் காற்றே உப்புத்தான். ஸ்போக்குகள் ரிம்மில் சேரும் திருகுகளில்தான் துரு முதலில் பிடிக்கும். பிடித்துவிட்டால் கோணலை நிமிர்த்த முயலும்போது ஸ்போக் முறியும். ஒவ்வொரு திருகிலும் ஒரு துளி எண்ணெய் விடுவது அலுப்பூட்டும் வேலை, ஆனால் நான் அதை விடுவதில்லை. கோடியக்கரை சரணாலயத்துக்குள்ளும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் தடம் விட்டு இறங்கி ஓட்டுவது அறவே கூடாது. வெளிமான்களும் வலசைப் பறவைகளும் வாழும் இடத்தில் நம் விளையாட்டுக்கு வேலையில்லை.

வயல்களுக்கும் இதே கண்டிப்புத்தான். சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலைக் காலி நிலம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அறுப்புக்குச் சில நாட்கள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு முளைத்திருக்கும் அந்தப் பயிர் வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு வண்டி ஒருமுறை குறுக்கே போனாலே ஒரு குடும்பத்தின் கோடை வருமானத்தில் ஒரு கீற்று அழிந்துவிடும். மழைக்காலத்தில் ஊறிய கரையில் தடம் போடுவதும் உடைப்புக்கு வழி செய்யும் காரியம். ஐப்பசி, கார்த்திகையில் நான் தார் போட்ட கரைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். மாசியிலிருந்து, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வரும் வரை, இந்த வண்டிக்கு உரிய காலம்.

இதைப் பழைய வண்டியாக வாங்க நினைக்கிறவர்கள் நம் பகுதியில் ஓடியதென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பற்றினால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்றிருக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டருக்கு உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மண் ஒட்டினால் எஞ்சின் அதைத் தின்றிருக்கிறது என்று பொருள், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.